சிங்கத்தின் பல்லும் சிரட்டைப் பாலும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நூதனசாலைகளும் அறிவியல் கூடங்களும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எப்படிப் பயன்படலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் சப்ரகமுவை மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை விட்டு அதிகம் வெளியே போகப்போவதில்லை. வெளியே போனாலும் மாலை பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவேன்.

1939ஆம் ஆண்டில் பி. ஈ. பி. தெரணியகல ஒரு சிங்கத்துக்குப் பெயர் வைத்தார். நீண்ட காலம் தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தவர் அவர். பெயர் வைத்தபோது அவர் கையில் இருந்தவை பற்கள் மட்டுமே. அவை கிடைத்த இடம் இரத்தினபுரிக்கு அருகே குருவிட்டை. இலங்கையில் ஒரு காலத்தில் சிங்கம் உண்மையாகவே திரிந்தது என்பதற்கு, கொடியில் வரைந்த சிங்கத்தை விட்டால், நம்மிடம் இருக்கும் சான்று ஏறக்குறைய அவ்வளவுதான். இதே இரத்தினபுரிப் பள்ளத்தாக்கின் மண்ணிலிருந்து நீர்யானையின் எச்சமும் காண்டாமிருகத்தின் எச்சமும் வந்தன. இன்று நம் தீவின் காடுகளில் அந்த விலங்குகளில் ஒன்றுகூட இல்லை.

இவற்றைத் தோண்டி எடுத்தது யார்? ஆராய்ச்சிக்கென்று வெட்டிய குழிகளில் இவை அகப்படவில்லை. இரத்தினக்கல் தேடி வெட்டிய குழிகளில், இல்லம் என்று நாம் சொல்லும் சரளைக்கல் படையில்தான் பெரும்பாலும் அகப்பட்டன. இடுப்பில் துண்டோடு சேற்றில் நின்று கூடையைச் சுழற்றியவர்களின் கைதான் அந்த எலும்புகளை முதலில் தொட்டது. அந்தக் கைகளின் பெயர் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இல்லை. பெயர்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது இனி நடக்காது. ஆனால் அந்தக் கைகள் எதை அறிந்திருந்தன என்பது இன்னும் தொலையவில்லை. தோட்டத்தில் பேர், அதாவது ஒரு நாள் வேலை, கிடைக்காத நாட்களில் குழிக்கு இறங்கும் தகப்பன்மாரின் பிள்ளைகள் இன்றும் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கூடைச் சுழற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். நீலக்கல் தன் அளவுள்ள தண்ணீரைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு எடை. வெறும் படிகக்கல் இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகம். நீருக்குள் கூடையைச் சுழற்றினால் இலேசான கல் மேலே வந்து விளிம்பைத் தாண்டும், கனமானது அடியில் தங்கும். அடர்த்தி என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவி எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை. ஆனால் நம் பிள்ளை அந்தப் பாடத்தை வகுப்பில் சூத்திரமாக மனப்பாடம் செய்கிறது. அப்பா செய்வதும் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றுதான் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஆளில்லை.

நான் இன்று சொல்ல வந்த ஒரே விடயம் இதுதான். எல்லோரையும் உள்ளடக்கிய நூதனசாலை என்றால் நுழைவுச்சீட்டைக் குறைப்பதும் தமிழில் பலகை வைப்பதும் என்று நினைக்கிறோம். இரண்டும் வேண்டும். இரண்டும் செய்த பிறகும் தோட்டப் பிள்ளை அங்கே விருந்தாளியாகத்தான் நிற்கும், ஒதுங்கி, கையைக் கட்டிக்கொண்டு. அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து நூதனசாலை பேசத் தொடங்கினால்தான் அந்தக் கை அவிழும்.

இதற்கு வெளிநாட்டுச் சான்று ஒன்று சொல்லிவிடுகிறேன், ஒன்றே ஒன்று. இலண்டன் அறிவியல் நூதனசாலைக்குள் போகக் காசு வேண்டாம். அப்படியிருந்தும் அந்த நகரத்தில் வாழும் வறிய, குடிபெயர்ந்த சமூகங்களைச் சேர்ந்தவர்கள் ஏன் இத்தகைய இடங்களுக்குப் போவதில்லை என்று எமிலி டோசன் என்ற ஆய்வாளர் அவர்களோடே சென்று பார்த்தார். 2014இல் வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே விடை இருந்தது: இது நமக்காகச் செய்யப்பட்டதல்ல. சீட்டு இலவசமாக இருக்கலாம். உள்ளே நுழைந்தவருக்குத் தன் மொழி, தன் தொழில், தன் ஊர் எதுவும் கண்ணில் படாவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வேறு எங்காவதுதான் போவார்.

நம் பாடசாலைச் சுற்றுலாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விடியற்காலை மூன்று மணிக்குப் பஸ். பின்னவலையில் யானை, கண்டியில் மாளிகை, அல்லது கொழும்பில் நூதனசாலை, தெஹிவளையில் மிருகக்காட்சிசாலை, கடைசியில் காலிமுகத்திடலில் கடல். கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டிலிருந்து நிற்கிறது. அங்கே காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு, சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்து நாட்டிய கல். சீனம், பாரசீகம், தமிழ் என்று மூன்று மொழி. அறுநூறு ஆண்டுக்கு முன் ஒரு சீனக் கப்பற்படை இந்தத் தீவில் தமிழில் பேச வேண்டியிருந்தது என்பதை ஒரு தோட்டத்துப் பிள்ளை ஐந்து நிமிடம் நின்று நினைத்துப் பார்த்தால், அந்தச் சுற்றுலாவின் செலவு தீர்ந்துவிடும். ஆனால் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கிறது. "தொடாதே, ஓடாதே, சத்தம் போடாதே" என்ற மூன்று கட்டளையோடு பிள்ளைகள் மறுவாசல் வழியாக வெளியே வந்துவிடுகிறார்கள். கூடவே வந்த தாய் ஒரு நாள் பேரை இழந்து வந்திருக்கிறாள், அதையும் கணக்கில் சேருங்கள்.

இந்தப் பயணப்பட்டியலில் இரத்தினபுரி தேசிய நூதனசாலை அநேகமாக இடம்பெறுவதில்லை. பக்கத்தில் இருப்பதைப் பார்க்க யார் பஸ் பிடிப்பார்கள்? சப்ரகமுவையின் திசாவையாக (ஆளுநராக) இருந்த எஹலபொலையின் வளவில் அதை 1988இல் திறந்தார்கள். இந்த மாகாணத்தின் நிலம், விலங்கு, மனித வாழ்வு ஆகிய மூன்றையும் ஒரே கூரைக்குள் பார்க்கக்கூடிய இடம். அந்தக் கட்டடத்துக்கே ஒரு கதை உண்டு. எஹலபொலை கண்டியின் கடைசி மன்னரோடு பகைத்துக்கொண்டவர். பின்னர் ஆங்கிலேயரோடும் கசந்து, மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே இறந்தவர். அந்தக் கடைசி மன்னர் மதுரை நாயக்கர் வழிவந்தவர். வரலாற்றை 'அவர்கள்', 'நாங்கள்' என்று இரண்டாகக் கிழிக்க முடியாது என்று பிள்ளைகளுக்குக் காட்ட அந்த வாசற்படியே போதும்.

இனிக் கேகாலைப் பக்கம் வருகிறேன். தெதிகமையில் கோட்டவெஹெர என்ற தூபியின் உள்ளறையிலிருந்து ஒரு வெண்கல யானை விளக்குக் கிடைத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டு, மகா பராக்கிரமபாகு காலம். சங்கிலியில் தொங்கும் விளக்கு. எண்ணெய்க் கிண்ணத்தின் நடுவே யானை நிற்கிறது. யானையின் வயிறுதான் எண்ணெய்க் கொள்கலம். திரி எரிய எரியக் கிண்ணத்தில் எண்ணெய் குறையும். ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் மூடியிருந்த துளை திறந்து காற்று உள்ளே போகும், யானை வயிற்றிலிருந்து எண்ணெய் ஒழுகும். கிண்ணத்தில் மட்டம் ஏறித் துளையை மறுபடி அடைத்ததும் ஒழுகுவது நிற்கும். யாரும் காவல் நிற்கத் தேவையில்லை.

இதை நம் பாடசாலைகளில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? பழைய கலைஞர்களின் திறமைக்கு ஒரு சான்று என்று வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரி. விஞ்ஞான ஆசிரியர் அதைத் தொடுவதே இல்லை. ஒரு தண்ணீர்ப் போத்தல், கழுத்தருகே ஒரு துளை, ஒரு தட்டு, இவ்வளவு போதும். போத்தலை நிரப்பி, தட்டில் தலைகீழாக நிறுத்தி, தட்டிலுள்ள தண்ணீரைக் கரண்டியால் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'ளுக்' என்று ஒரு குமிழி மேலே போகும், தட்டு மறுபடி நிரம்பும், தானே நிற்கும். பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். அதற்குப் பிறகு அந்த வெண்கல யானையைப் படத்தில் காட்டினாலும் போதும், பிள்ளைகள் அதன் வயிற்றுக்குள் பார்ப்பார்கள். கோழிக்குத் தண்ணீர் வைக்கும் பிளாஸ்டிக் சாடியும் இதே வேலையைத்தான் செய்கிறது என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் சொல்லும். சொல்லட்டும் என்று காத்திருங்கள். நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவதுதான் நமக்குள்ள பெரிய வியாதி.

கேகாலை என்றால் இறப்பர். மலைநாட்டுத் தேயிலையைப் பற்றிப் பேச ஆட்கள் உண்டு. கண்டி ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. அதில் இயந்திரங்கள் அழகாக நிற்கின்றன, துரைமார் கதையும் இருக்கிறது. அதற்கு மாற்றாகக் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த பழைய லயன் அறைகளையே எடுத்து, சமூக அபிவிருத்தி நிறுவகம் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்றை 2007இல் தொடங்கியது. உழைத்தவர்களின் பாத்திரமும் பறையும் கடிதமும் நூதனசாலைப் பொருளாகலாம் என்று அது காட்டியது, அது பெரிய காரியம். ஆனால் சப்ரகமுவைத் தோட்டங்களின் வாழ்வு வேறு மாதிரி. இங்கே தோட்டங்கள் சிறியவை, சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பவை. ஒரு மலைமுகட்டில் தேயிலை, கீழே இறப்பர், அதற்கும் கீழே வயல், வயலோரம் மாணிக்கக் குழி. இதைச் சொல்ல ஒரு அறைகூட இன்னும் இல்லை.

இறப்பர் மரத்தடியில் நடப்பதைப் பாருங்கள். ஏன் விடியுமுன் பால்வெட்டுக்குப் போகிறார்கள்? வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக விடும், மரத்துக்குள் அழுத்தம் தளரும், பால் குறையும். ஏன் பட்டையைச் சாய்வாகச் சீவுகிறார்கள்? ஏன் கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மேற்பார்வையாளர் சத்தம் போடுகிறார்? பட்டைக்குக் கீழே மரத்தை வளர்க்கும் மெல்லிய படை இருக்கிறது, அதில் காயம் பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். தாவரவியலில் இவை தனித்தனி அத்தியாயங்கள். பால்வெட்டும் அம்மாவுக்கு இவை ஒரே மணிக்கட்டின் அசைவு.

பால் ஸ்டோருக்கு, அதாவது தோட்டத் தொழிற்சாலைக்கு, வந்த பிறகு அமிலம் ஊற்றுகிறார்கள். ஃபோமிக் அமிலம், சில எறும்புகள் பீய்ச்சும் அதே அமிலம். பாலில் மிதக்கும் இறப்பர்த் துணிக்கைகள் எல்லாம் எதிர் மின்னேற்றத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். அமிலம் அந்த ஏற்றத்தை அழித்ததும் ஒன்றோடொன்று ஒட்டித் திரையும். பிறகு உருளையில் அழுத்தி, புகையில் காயவைத்து, தேன் நிறத்தில் தகடாக எடுப்பார்கள். ஒரு சிரட்டைப் பால், கொஞ்சம் எலுமிச்சஞ்சாறு, ஒரு பழைய தேநீர்க் கோப்பை இருந்தால் இந்த இரசாயனத்தை எந்த நூதனசாலையின் முற்றத்திலும் காட்டலாம். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த நாற்றுகள் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்ட கதையை அதற்குப் பிறகு சொல்லுங்கள். முன்னால் சொன்னால் கொட்டாவி வரும்.

இன்னொன்று. பார்வை குறைந்த பிள்ளையை நம் சுற்றுலாவில் கூட்டிப்போவதே இல்லை, 'அங்கே போய் அது என்ன பார்க்கும்' என்று. தேயிலை ஸ்டோரில் வாடிய கொழுந்து கைக்குள் எப்படித் துவளுகிறது, உருட்டிய இலை எந்த நேரத்தில் பச்சை வாடை விட்டு ஆப்பிள் வாசத்துக்கு மாறுகிறது என்பதைக் கண்ணால் அறிய முடியாது. அனுபவமுள்ள டீமேக்கர் மூக்கை நம்பித்தான் அடுப்புக்கு அனுப்புகிறார். தொட்டும் முகர்ந்தும் படிக்கும் ஒரு மேசை வைத்தால் அங்கே அந்தப் பிள்ளைதான் மற்றவர்களுக்கு வழிகாட்டும்.

சரி, மழைக்கு வருவோம். இந்தப் பகுதி என் மனத்துக்கு நெருக்கமானது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016 மே 17. அரநாயக்கையில் சாமசர மலை சரிந்தது. இறந்தவர்களையும் கிடைக்காமலே போனவர்களையும் சேர்த்தால் நூறுக்கு மேல். அதே நாட்களில் புளத்கொஹுப்பிட்டியவில் களுபஹன தோட்டத்து லயன் வீடுகள்மீதும் மண் இறங்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழை அளவை வைத்திருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும். வானொலியில் இந்த எண்கள் வருகின்றன. லயத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு 75 மில்லிமீற்றர் என்றால் என்ன?

இங்கேதான் அறிவியல் கூடத்தின் வேலை இருக்கிறது. நேர்ச்சுவருள்ள ஒரு டின், ஒரு அடிமட்டம். பெரிய டின்னையும் சிறிய டின்னையும் பக்கத்தில் பக்கத்தில் மழையில் வையுங்கள். எதில் உயரம் அதிகம் என்று முதலில் கேளுங்கள். பெரியவர்களும் பெரிய டின்னைத்தான் காட்டுவார்கள். இரண்டிலும் ஒரே உயரம் என்று பார்த்தவுடன் மில்லிமீற்றர் என்ற சொல் விளங்கிவிடும். பிறகு கணக்கு. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு லீற்றர் நீர். லயத்துக்கு மேலே உள்ள ஒரு ஏக்கர் சரிவில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மூன்று இலட்சம் லீற்றர், அதாவது முந்நூறு தொன் எடை அந்த மண்ணுக்குள் இறங்கப் பார்க்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை இந்தக் கணக்கைப் போடும். போட்ட அன்று இரவு வீட்டில் சொல்லும். துண்டுப்பிரசுரத்தால் முடியாததை அது செய்யும்.

பாடசாலைகள் மழைப்பதிவேடு வைக்கட்டும். இரத்தினபுரி நூதனசாலையின் ஒரு சுவரில் மாகாண வரைபடம் தொங்கட்டும். இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பிள்ளைகள் அனுப்பும் அளவு அதில் வாராவாரம் ஏறட்டும். அப்போது நூதனசாலைக்குப் போகும் பிள்ளை, தான் அளந்த எண்ணைச் சுவரில் தேடும்.

எல்லோரும் நூதனசாலைக்குப் போக முடியாது, அதுவும் உண்மை. 1965இல் கல்கத்தா பிர்லா நூதனசாலை காட்சிப்பொருள்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கிராமப் பாடசாலைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் வானவில் மன்றம் என்று தொடங்கி, அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கருத்தாளர்கள் நேரே போய்ச் சோதனைகள் செய்துகாட்டுகிறார்கள். நம் தோட்டப் பாதைகளில் பஸ் ஏறாது, பல இடங்களில் லொறியே முனகும். நமக்குப் பெட்டி போதும். தொல்லெலும்புகளின் பிளாஸ்டர் அச்சு, கற்காலச் சிறுகல் கருவிகளின் மாதிரி, யானை விளக்கின் போத்தல் மாதிரி, மழைமானி, எடைபோட ஒரு தராசு. ஒரு முச்சக்கரவண்டியில் அடங்கும்.

கற்காலக் கருவி என்றேனே, அதைப் பற்றி ஒரு சொல். கித்துல்கலை பெலிலென குகையிலும் குருவிட்டைப் பக்கம் பட்டதொம்பலென குகையிலும் சிரான் தெரணியகல அகழ்ந்தபோது, இருபதாயிரம், முப்பதாயிரம் ஆண்டுக்கு முந்திய நுண்கல் கருவிகள் வந்தன. பெலிலெனவில் கடற்கரையிலிருந்து உப்புக் கொண்டுவந்ததற்கான தடயமும் உண்டு. கடலிலிருந்து இந்த மலைக்கு, அந்தக் காலத்தில், உப்பு. பெட்டியில் ஒரு பிடி உப்பும் இருக்கட்டும்.

யார் இதையெல்லாம் விளக்குவது என்று கேட்பீர்கள். தமிழ்மொழிப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத குறையை இந்த மண்டபத்தில் நான் நினைவூட்டத் தேவையில்லை. 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்புளோரடோரியத்தைத் தொடங்கிய பிராங்க் ஓப்பன்ஹைமர் பட்டதாரிகளைத் தேடவில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர்களையே சம்பளம் கொடுத்து விளக்குநர்களாக நிறுத்தினார். நம்மிடமோ அவருக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. சப்ரகமுவைத் தோட்டப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசுபவர்கள். சந்தையிலும் பஸ்ஸிலும் குழியிலும் கற்ற சிங்களம். இதுவரை அது அவர்களுக்கு வெறும் பிழைப்பு மொழி. இரத்தினபுரி நூதனசாலைக்கு வரும் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஒரே மேசையில், இரண்டு மொழியிலும் இறப்பர்ப் பாலைத் திரைத்துக் காட்டுவது பதினெட்டு வயதுத் தோட்டத்துப் பெண்ணாக இருக்கட்டும். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் தமிழர்மீது நடந்த வன்முறையை இங்கே முதியவர்கள் மறக்கவில்லை. அதைப் பற்றிப் பேசும் அறையும் ஒரு நாள் வர வேண்டும். அந்த மேசை அதற்கு முந்திய வேலை.

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடமும் வலயக் கல்விப் பணிமனையிடமும் நான் கேட்பது சிறியது. மூன்று பெட்டிகள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளில் ஆறு பேர், பாதிக்குமேல் பெண்கள். அவர்களுக்கு நூதனசாலையில் முறையான பயிற்சி. இடமில்லாமல் பின்சுவரோரம் நிற்கும் உயர்தர மாணவர்களில் யாருக்கு விருப்பம் என்று கூட்டம் முடிந்ததும் நானே வந்து பெயர் எழுதிக்கொள்கிறேன். இதைத் தொண்டு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு என்ன சம்பளமோ, அதற்கு ஒரு ரூபாயும் குறையாமல், பஸ் காசு வேறாக, மாத முடிவில் கையில் கொடுக்க வேண்டும்.